சிப்பியின் திண்ணை

கார்த்திகையில் இரண்டு நாள் பெய்த மழை விட்ட பிறகு, பாம்பன் தெற்குவாடிக் கரையில் ஒரு பழைய வாளியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வாளி நிறையக் கடல்நீர். மழைத்தண்ணீர் இறங்கியிருந்ததால் பால் குறைந்த தேநீரின் நிறத்தில் கலங்கியிருந்தது. அதற்குள் கல்லோடு பெயர்த்தெடுத்த ஒரு சிப்பிக் கொத்து: எட்டோ ஒன்பதோ சிப்பிகள், ஒன்றின் முதுகில் ஒன்றாக ஒட்டி வளர்ந்தவை. கொத்தின் மேல்நுனி மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

முதலில் எல்லாம் இறுக மூடிக் கிடந்தன. கால் மணி நேரம் போன பிறகு மேலே இருந்த சிப்பி நூலளவு திறந்தது. என் நிழல் விழுந்ததும் மூடிக்கொண்டது. தள்ளி உட்கார்ந்தேன். மறுபடி திறந்தது. இடுக்கில் கறுத்த ஓரம் ஒன்று, புடவைக் கரையில் வைத்துத் தைத்த மடிப்பைப் போல அலைந்தது. அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரிந்த அசைவு. ஒன்றரை மணி நேரம் கழித்து வாளியின் அடி தெரிந்தது. அடியிலிருந்த விரிசலும் அதை அடைத்திருந்த தார்ப்பூச்சும் தெரிந்தன. கொத்தின் காலடியில் மட்டும் சாம்பல் நிறத்தில் நூல்நூலாக ஏதோ படிந்திருந்தது.

வாளிக்குச் சொந்தக்காரரான அக்கா பக்கத்தில் வலைக்கயிறு பிரித்துக்கொண்டிருந்தார். "பாத்தீங்களா தம்பி, தண்ணி எப்பிடித் தெளிஞ்சிருச்சு" என்றார். "ஆனா இப்ப இதை ஆக்கித் திங்கக் கூடாது. மழைத்தண்ணி வடியுற வரைக்கும் நாங்க சிப்பி எடுக்க மாட்டோம்."

"ஏங்க்கா?"

"ஊரு அழுக்கு பூராம் இப்ப அதுக்குள்ளதான இருக்கு."

தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆனால் அழுக்கு எங்கும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது என்பதை அவர் எந்த ஆய்வறிக்கையும் படிக்காமல் சொல்லிவிட்டார். சிப்பிக்குள் வாழும் நுண்ணுயிர்களைப் பற்றி நான் படித்தவற்றையெல்லாம் அந்த வாளியை வைத்தே திரும்ப யோசித்துப் பார்க்கிறேன்.

*

சிப்பிக்கு மூச்சும் சாப்பாடும் ஒரே வேலை. ஓட்டுக்குள் மடிப்பு மடிப்பாகச் செவுள்கள் இருக்கின்றன. அவற்றின் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் துடிக்கின்றன. அந்தத் துடிப்பில் கடல்நீர் உள்ளே இழுக்கப்படுகிறது. வளர்ந்த சிப்பி ஒன்று சாதகமான நேரத்தில் மணிக்குச் சில லிட்டர் தண்ணீரைத் தன் வழியாகச் செலுத்திவிடும். உயிர்வளியைச் செவுள் எடுத்துக்கொள்ளும். மிதந்து வரும் பாசியும் துகளும் சளியில் ஒட்டும். வாயருகே இருக்கும் இரண்டு இணை மடல்கள் அவற்றைப் பிரிக்கும். வேண்டியது வயிற்றுக்குப் போகும். வேண்டாதது சளி நூலில் சுற்றப்பட்டு, வயிற்றைத் தொடாமலே வெளியே தள்ளப்படும். வாளியின் அடியில் நான் பார்த்த சாம்பல் நூல்கள் அப்படித் தள்ளப்பட்டவை.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? ஒரு மில்லி லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 10 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். ஒரு தேக்கரண்டியில் 50 லட்சம். நாம் ராமேஸ்வரத்தில் மூழ்கி எழும்போது வாயில் தெறிக்கும் உப்புத் துளியில் ஒரு சிறு நகரத்தின் மக்கள்தொகை இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்யாதவை. கடலில் மிக அதிகமாக இருக்கும் பாக்டீரியாக் கூட்டம் ஒன்றை 1990-ல்தான் சர்காசோ கடல்நீரின் மரபணுக்களை ஆராய்ந்து கண்டுபிடித்தார்கள். சார்11 என்று அதற்குப் பெயர். அதை ஆய்வகத்தில் வளர்க்க இன்னும் 12 ஆண்டுகள் ஆயின. பூமியில் மிகுதியாக வாழும் உயிர்களில் ஒன்று, அண்மைக்காலம் வரை பெயர்கூட இல்லாமல் இருந்திருக்கிறது.

இப்படிப்பட்ட தண்ணீரை இரவும் பகலும் உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும் சிப்பியின் உடம்பில், அதே தண்ணீரில் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் அதே விகிதத்தில் இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. பல நாடுகளில், பல வகைச் சிப்பிகளில், சுற்றியுள்ள நீரையும் சதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதைத்தான்: நீரில் ஒரு சமூகம், சிப்பியில் வேறொரு சமூகம். நீரில் ஆளும் சார்11 சிப்பிக்குள் பெரிய இடம் பிடிப்பதில்லை. நீரில் தேடித்தான் பிடிக்க வேண்டிய சில இனங்கள் சிப்பிக்குள் குடியும் குடித்தனமுமாக இருக்கின்றன. செவுளில் ஒரு கூட்டம், குடலில் ஒரு கூட்டம், ஓட்டுக்கடியில் இருக்கும் மென்போர்வையில் இன்னொரு கூட்டம்.

நம் ஊர்ப் பழைய வீடுகளின் திண்ணையை நினைத்துக்கொள்கிறேன். ராமேஸ்வரம் போகும் வழிப்போக்கர்கள் படுத்து எழுந்து போகவே கட்டப்பட்ட திண்ணைகள் இந்தச் சீமையில் நிறைய இருந்தன. திண்ணையில் யாரும் உட்காரலாம், ஓர் இரவு தங்கலாம், விடிந்ததும் போய்விடுவார்கள். நடுவீட்டில் இருப்பவர்கள் வேறு. அவர்களுக்கு அந்த வீட்டின் உப்பும் உலையும் தெரியும். சிப்பியின் செவுள் திண்ணை. அலை கொண்டுவந்ததெல்லாம் அங்கே ஒதுங்கும், பெரும்பாலும் அடுத்த ஓதத்தில் போய்விடும். நடுவீட்டில் இருப்பவர்கள் சிப்பியோடு நெடுங்காலம் ஒத்து வாழப் பழகியவர்கள்.

அந்த நடுவீட்டில் ஓர் அதிசயம் உண்டு. சிப்பி போன்ற இரட்டை ஓட்டு உயிரிகளின் வயிற்றில் கண்ணாடிக் குச்சி போல ஒரு தண்டு இருக்கிறது. கூழ் போன்ற பொருளால் ஆனது, ஒளி ஊடுருவுவது. அது தன் அச்சில் சுழன்றுகொண்டே இருக்கும். சுழலச் சுழல அதன் நுனி தேய்ந்து செரிமான நொதிகள் கரையும், உணவு கடைபடும். தயிர் கடையும் மத்தை யாரோ வயிற்றுக்குள் வைத்தாற்போல. அந்தத் தண்டுக்குள் திருகுச் சுருளான ஒரு பாக்டீரியா நீந்துகிறது. 1882-லேயே பிரெஞ்சு ஆய்வாளர் செர்த் அதைச் சிப்பியில் கண்டு எழுதினார். பின்னால் அதற்குக் கிரிஸ்டிஸ்பைரா என்று பெயர் வந்தது. சிப்பியைக் கடலிலிருந்து எடுத்துப் பட்டினி போட்டால் சில மணி நேரத்தில் தண்டு கரைந்துவிடும். தண்டு கரைந்தால் அதில் குடியிருந்ததும் காணாமல் போகும். நாம் சந்தையில் வாங்கும் சிப்பியில் அந்த வீடும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனித ரத்தத்தில் பாக்டீரியா பெருகினால் உயிருக்கே ஆபத்து. சிப்பியின் உடல் திரவத்தில் அவை இருப்பது இயல்பு. நோயில்லாத, கொழுத்த, நல்ல சிப்பியின் திரவத்தில் ஊசி குத்தி எடுத்துப் பார்த்தாலும் பாக்டீரியாக்கள் இருக்கும். நலம் என்றால் கிருமி இல்லாமல் இருப்பது என்று பள்ளியில் படித்த நமக்கு இதை ஏற்கக் கொஞ்சம் சிரமம். சிப்பியின் நலம் தன்னோடு இருப்பவர்களை அளவோடு வைத்திருப்பதில் இருக்கிறது.

*

பாம்பன் பாலத்தின் மறுபக்கம், நிலத்தோடு சேர்ந்த கரையில் மண்டபம் இருக்கிறது. 1947-ல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கு 1971-ல் தலைமையகம் கொச்சிக்குப் போகும் வரை நெடுங்காலம் மண்டபம் முகாம்தான் வீடு. இந்தக் கடலின் பாக்டீரியாக்களை முறையாகப் பார்த்தவர்களில் முன்னோடி அங்கே வேலை செய்த என்.கே. வேலங்கர். மண்டபத்தின் கரையோரச் சூழலில் இருக்கும் பாக்டீரியாக்களைப் பற்றி 1955-லும், மன்னார் வளைகுடா, பாக் நீரிணை இரண்டின் நீரிலிருந்தும் சேற்றிலிருந்தும் பிரித்தெடுத்த பாக்டீரியாக்களைப் பற்றி 1957-லும் இந்திய மீன்வள ஆய்விதழில் எழுதினார். மரபணுவை வாசித்து இனம் சொல்லும் வசதி எதுவும் இல்லாத காலம் அது. வளர்ப்புத் தட்டில் கடல்நீரைத் தடவி, முளைத்த புள்ளிகளை எண்ணி, ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசோதித்துப் பெயர் கண்டுபிடிக்க வேண்டும். அந்தத் தட்டில் முளைப்பது கடலில் இருப்பதில் நூற்றில் ஒரு பங்குகூட இராது என்பது பின்னால் தெரியவந்தது. ஆனாலும் இந்த இரு கடல்களின் கண்ணுக்குத் தெரியாத குடிமக்களுக்கு முதல் கணக்கெடுப்பு என்று ஒன்று இருந்தால், அது இதைப் போன்ற உழைப்பிலிருந்துதான் வந்தது.

மண்டபத்துக்கு "முகாம்" என்ற வால் ஏன் வந்தது என்பதையும் இங்கே நினைக்க வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போன தமிழர்களைக் கப்பலேற்றும் முன் தடுத்துவைக்க இலங்கை அரசு நடத்திய தனிமைப்படுத்தல் முகாம் அது. காலரா, அம்மை, பிளேக் ஆகியவை கடல் தாண்டிவிடக் கூடாது என்பது காரணம். மதுரை, திருச்சி, சேலம் சீமைகளிலிருந்து பஞ்சம் துரத்த வந்தவர்கள் இங்கே சில நாட்கள் அடைபட்டுக் கிடந்து, அம்மை குத்திக்கொண்டு, நோயில்லை என்று முத்திரை வாங்கித் தனுஷ்கோடி வழியாகத் தலைமன்னார் போனார்கள். 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் திரும்பி வந்து இறங்கியதும் இந்த மண்டபத்தில்தான். 1983-க்குப் பிறகு போர் துரத்த அகதிகளாக வந்தவர்களும் இங்கேதான் வந்து சேர்ந்தார்கள்.

காலரா விப்ரியோ என்ற பாக்டீரியாவால் வருவது. விப்ரியோ என்பது ஒரு பெரிய குடும்பம். அது கடலோரத்தின் குடும்பம். காலராக் கிருமியை நெடுங்காலம் மனிதக் குடலில் மட்டுமே வாழ்வதாக நினைத்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ரீட்டா கோல்வெல் அமெரிக்கக் கரையிலும் வங்கக் கரையிலும் பல்லாண்டு வேலை செய்து, அது கழிமுகங்களின் இயல்பான குடி என்றும், இறாலுக்கு உறவான, கடுகைவிடச் சிறிய மிதவை உயிர்களின் மேல் ஒட்டி வாழ்கிறது என்றும் காட்டினார். பங்களாதேஷ் கிராமங்களில் குடிநீரைப் பழைய புடவையைப் பல மடிப்பாக மடித்து வடிகட்டச் சொன்னபோது காலரா ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2003-ல் அந்த முடிவு வெளியானது. பழந்துணி மேலும் மென்மையாக, நூலிடைவெளி சுருங்கி இருப்பதால் புதுத்துணியைவிட நன்றாக வடிகட்டியது.

தொழிலாளியின் உடம்பில்தான் நோய் கடல் கடக்கிறது என்று முகாமின் வேலி சொன்னது. அந்த வேலிக்கு இரு பக்கமும் அடித்துக்கொண்டிருந்த கடல்நீரில் விப்ரியோக் குடும்பத்தின் உறவுக்காரர்கள் மனிதன் பிறப்பதற்கு வெகுமுன்பே வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அங்கே மணிக்கணக்கில் வரிசையில் நின்ற ஒரு தாயின் கையிலிருந்த குழந்தைக்கு அந்த நீரும் அந்தச் சிப்பியும் விளையாட்டுப் பொருளாக இருந்திருக்கும். அவளை மட்டும் சந்தேகித்தார்கள்.

*

விப்ரியோவைப் பார்க்க விரும்புகிறவர்கள் ஒரு தட்டைப் பார்த்தால் போதும். நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் அதற்கென்று ஒரு வளர்ப்பு ஊடகம் உண்டு. ஆறிய பாகு போல இறுகிய, ஆழ்ந்த பச்சை நிறத்தில் இருக்கும். அதில் பித்த உப்பும் காரத்தன்மையும் இருப்பதால் மற்றவை முளைக்கத் திணறும், விப்ரியோக்கள் செழிக்கும். சிப்பிச் சதையை அரைத்து, கரைத்து, அந்தப் பச்சையில் ஒரு துளி விட்டுப் பரப்பி, கதகதப்பான பெட்டியில் ஓர் இரவு வைத்தால் காலையில் புள்ளிகள் தெரியும். சர்க்கரையை நொதிக்கவைப்பவை மஞ்சளாக முளைத்துத் தங்களைச் சுற்றியிருக்கும் பச்சையையும் மஞ்சளாக்கிவிடும். காலராக் கிருமி இந்த வகை. சர்க்கரையைத் தொடாதவை பச்சையாகவே நிற்கும். விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் அந்த வகை. முதன்முதல் அந்தத் தட்டை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, மரகதத்தின் மேல் மஞ்சள் தூவியது போல அழகாக இருந்தது. அழகாக இருக்கிறதே என்று நினைத்த மறுநொடியே அது என்ன என்பது நினைவுக்கு வந்தது.

பாராஹீமோலிட்டிகஸ் 1950-ல் ஜப்பானின் ஒசாக்காவில் அடையாளம் காணப்பட்டது. பாதி உலர்ந்த பொடிமீனைச் சாப்பிட்ட 272 பேர் நோயுற்று, 20 பேர் இறந்தார்கள். ஃபுஜினோ என்ற மருத்துவ ஆய்வாளர் காரணத்தைக் கண்டுபிடித்தார். உகந்த சூட்டில், உகந்த உணவில் இந்த பாக்டீரியா 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். கடல்நீரில் சொற்பமாக இருக்கும் வரை தொல்லை இல்லை. சிப்பி அதை வடிகட்டிச் சேர்த்துவைத்து, அந்தச் சிப்பியை நாம் வெயிலில் போட்டுவைத்து, வேகாமல் தின்றால்தான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். இந்தக் கரையின் தண்ணீரோ வருடம் முழுக்க வெதுவெதுப்பானது. இங்கே சிப்பியை நன்றாக வேகவைத்து, மிளகு தட்டிப் போட்டு உண்ணும் பழக்கம் சுவைக்காக மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை.

இங்கேதான் திண்ணையும் நடுவீடும் மீண்டும் வருகின்றன. பண்ணைச் சிப்பியை விற்பதற்கு முன் சுத்தமான, கிருமி நீக்கிய ஓடும் கடல்நீரில் ஒன்றிரண்டு நாள் வைத்திருப்பார்கள். சிப்பி தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். மனித மலத்தோடு வரும் ஈ. கோலை பாக்டீரியா இந்தக் கழுவலில் விரைவாகப் போய்விடும். அது திண்ணையில் ஒதுங்கிய வழிப்போக்கன், சிப்பியோடு அதற்குச் சொந்தம் கிடையாது. விப்ரியோ அவ்வளவு எளிதில் போகாது. அது கடலின் பிள்ளை, சிப்பியின் உறவு. அதற்கு உள்வீட்டில் இடம் உண்டு. அதை வெளியே அனுப்ப முடியாதபோது அது பெருகாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும்: எடுத்த சிப்பியைக் குளிரில் வைப்பது, வேகவைப்பது, கொளுத்தும் நாளில் வெயிலில் போடாமலிருப்பது.

*

சிப்பி ஏன் சாகிறது? பழைய முத்துக்குளிப்புக் கணக்குகளைப் படிக்கிறவர்களை இந்தக் கேள்வி விடாது. மன்னார் வளைகுடாவின் பார்களில், அதாவது கடலடிப் பாறைத்திட்டுகளில், ஓராண்டு லட்சக்கணக்கில் முத்துச்சிப்பி இருக்கும், அடுத்த சோதனையில் பார் வெறுமையாகக் கிடக்கும். இந்தியப் பக்கத்தில் 1955 முதல் 1961 வரை நடந்ததுதான் கடைசித் தொடர் முத்துக்குளிப்பு. அதற்குப் பிறகு முத்துக்குளிப்புக்குக் கடல் திறக்கப்படவில்லை. இலங்கைப் பக்கத்துப் பார்களை ஆராய 1902-ல் வந்த ஹெர்ட்மன், ஒட்டுண்ணிப் புழுவின் இளம்புழுவே முத்துக்குக் காரணம் என்று கருதினார். மணல் துகள் போய் உட்கார்ந்து முத்தாகிறது என்பது நாம் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. நாளெல்லாம் மணலையும் சேற்றையும் சளியில் சுற்றி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும் உயிருக்கு ஒரு மணல் துகள் பெரிய விஷயம் இல்லை. மென்போர்வையின் உயிரணுக்கள் காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ உள்ளே இடம்பெயர்ந்து பையாக வளரும்போதுதான் முத்து பிறக்கிறது. இந்த அறிவை வைத்துத்தான் 1973-ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் வேப்பலோடையில் அழகர்சாமியும் அவருடைய சகாக்களும் வளர்ப்பு முத்தை உண்டாக்கினார்கள். உள்ளே வந்ததைக் கொல்லாமலும் வெளியே தள்ளாமலும், அதைச் சுற்றித் தன்னையே சுரந்து வாழக் கற்ற உயிரின் வேலை முத்து.

வாழக் கற்ற உறவும் ஒரு நாள் முறியும். பிரான்ஸின் கரைகளில் 2008 முதல் பண்ணைச் சிப்பிக் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. ஒரு வகை ஹெர்பிஸ் வைரஸ் என்றார்கள். ஆனால் வைரஸ் மட்டும் கதையை முடிக்கவில்லை. 2018-ல் வெளியான ஆய்வு படிகளைப் பிரித்துக் காட்டியது. முதலில் வைரஸ் சிப்பியின் தற்காப்பு உயிரணுக்களைத் தாக்குகிறது. தற்காப்பு தளர்ந்ததும், அதுவரை அளவோடு கிடந்த பாக்டீரியாக்கள் உடலெங்கும் புகுந்து பெருகுகின்றன. சாவு அந்தப் பெருக்கத்தில்தான் வருகிறது. நேற்று வரை வீட்டில் ஒருவராக இருந்தவர்களே, வீட்டுத்தலைவர் படுத்துவிட்ட நாளில் வீட்டைப் பிரித்துத் தின்றார்கள். அவர்களைக் குற்றவாளிகள் என்று எடுத்துக் கொன்றால் மட்டும் நோய் தீராது. தலைவரைப் படுக்கவைத்தது எது என்று கேட்க வேண்டும். சூடேறிய நீர், நெருக்கம், பசி, உப்பின் திடீர் இறக்கம் எல்லாம் அந்தக் கேள்விக்குள் வரும்.

*

ராமநாதபுரக் கரைக்கு இரண்டு கடல்கள். தனுஷ்கோடியில் நின்றால் ஒரு கையில் பெண்கடல், மறு கையில் ஆண்கடல் என்று சொல்லிக்கொடுப்பார்கள். வடக்கே ஆழம் குறைந்த, அடங்கிய பாக் நீரிணை. தெற்கே எழும்பி அடிக்கும் மன்னார் வளைகுடா. தென்மேற்குக் காற்றான கச்சான் வீசும் காலத்தில் தெற்கு கொதிக்கும், வடக்கு தூங்கும். வாடை வீசும்போது மாறிவிடும். பாம்பன் கால்வாய் வழியாக இரண்டும் ஒன்றின் தண்ணீரை மற்றதில் ஊற்றிக்கொள்கின்றன. ஒரு கரையில் கழுவியதை மறுகரை குடிக்கிறது.

2019 செப்டம்பரில் மண்டபம், பாம்பன் பக்கத் தென்கடல் பச்சையாகி, செத்த மீன்கள் கரை ஒதுங்கின. மீனவர்கள் பூங்கோரை என்றார்கள். ஆய்வாளர்கள் நாக்டிலூகா என்றார்கள். அது ஒற்றை உயிரணு. அதன் பச்சை அதனுடையது அல்ல, உள்ளே குடியிருக்கும் சிறு பாசிகளுடையது. அது பெருகி மடியும்போது, அழுகலைத் தின்னும் பாக்டீரியாக்கள் நீரின் உயிர்வளியை உறிஞ்சித் தீர்த்துவிடுகின்றன. மீன் ஓடித் தப்பப் பார்க்கும். சிப்பிக்கு ஓட வழியில்லை, கதவை அடைத்துக்கொண்டு காத்திருக்கத்தான் முடியும்.

மழைக்காலத்தில் நிலத்திலிருந்து இறங்குவது வேறு கதை. ஆற்றங்கரையில் வைகை கடலைத் தொடுகிறது. ஓடைகள், தெருச்சாக்கடைகள், நிரம்பி வழியும் கழிவுத்தொட்டிகள் எல்லாமும் தொடுகின்றன. அக்கினி தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் லட்சக்கணக்கானோர் மூழ்குகிறார்கள். கோயிலுக்குள் 22 தீர்த்தங்களின் நீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். தண்ணீரை இவ்வளவு பக்தியோடு தொடும் ஊர் வேறெங்கே இருக்கிறது? அந்தப் பக்தி, ஊரின் கழிவுநீர் எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்வி வரை நீள வேண்டும் என்று மனம் கிடந்து தவிக்கிறது. பாவம் கழுவ வந்தவர்கள் தங்கும் விடுதிகளின் குழாய்கள் எங்கே திறக்கின்றன என்று சிப்பியைக் கேட்டால் சொல்லிவிடும். ஐரோப்பிய நாடுகள் சிப்பி வளரும் நீர்ப்பரப்புகளைச் சிப்பியின் சதையை வைத்தே தரம் பிரிக்கின்றன. 100 கிராம் சதையில் ஈ. கோலை 230-க்குள் இருந்தால் முதல் தரம், கழுவாமலே விற்கலாம். 4600 வரை இருந்தால் கழுவித்தான் விற்க வேண்டும். தண்ணீரில் ஒரு வாளி மொண்டு சோதித்தால் அந்த நேரத்துச் சேதி மட்டும் கிடைக்கும். சிப்பியோ பல நாளின் தண்ணீரைத் தன்னுள் கூட்டிவைத்திருக்கும்.

வட கரையில் தொண்டி வரைக்கும் இறால் குளங்கள் உண்டு. இறால் வளர்ப்பு தமிழ்க் கடற்கரையில் என்ன செய்தது என்பதை சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கும், 1996 டிசம்பர் 11-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் ஊரறியச் சொன்னவை. நிலமும் குடிநீரும் உப்பானதைப் பற்றி அன்று பேசினோம். குளத்துக்குள் கொட்டிய மருந்து குளத்தோடு நிற்காது என்பதை அதே அளவுக்குப் பேசவில்லை. குளோரம்பெனிக்கால், நைட்ரோஃபியூரான் போன்ற மருந்துகள் இங்கே மீன்வளர்ப்பில் தடைசெய்யப்பட்டவை. தடைக்குக் காரணம் ஏற்றுமதி மட்டும் இல்லை. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியா, தப்பும் வித்தையைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாற்றிக் கொடுக்கும். குளத்தின் விப்ரியோ கற்றதைக் கடலின் விப்ரியோ கற்கும். எண்ணற்ற பாக்டீரியாக்கள் நெருங்கி வாழும் சிப்பிக்குடல் அந்தக் கைமாற்றலுக்கு நல்ல சந்தை. ஆஸ்பத்திரியில் நம் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்து வேலை செய்யாமல் போகும் வழிகளில் ஒன்று இந்தக் கரையில் தொடங்கலாம்.

*

சிப்பி வளர்ப்பைப் போலச் சாதுவான பண்ணைத்தொழில் குறைவு. தீனி போட வேண்டாம், குளம் வெட்ட வேண்டாம். கழிமுகத்தில் பந்தல் கட்டி, ஓடு கோத்த கயிற்றைத் தொங்கவிட்டால் குஞ்சு தானே வந்து ஒட்டும், கடல் தானே ஊட்டும். தூத்துக்குடியில் உருவான இந்த முறை கேரளத்தின் அஷ்டமுடிக் காயலுக்குப் போய்க் குடும்பத்தொழிலானது. வட கேரளத்தில் கல்லுமேக்காய் என்னும் மட்டி வளர்ப்பைப் பெண்கள் குழுவாக எடுத்துச் செய்தார்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் முனைக்காட்டில் மீன்கூண்டைச் சுற்றிக் கடற்பாசி மிதவைகளைக் கட்டி, மீனின் கழிவைப் பாசிக்கு உரமாக்கிக் காட்டினார்கள். அந்தக் கூட்டணியில் சிப்பிக்கும் இயல்பான இடம் உண்டு. ஒன்றின் மிச்சம் இன்னொன்றின் உணவாகும் ஏற்பாட்டைத்தான் சிப்பி தன் உடம்புக்குள் எப்போதோ செய்துவைத்திருக்கிறது.

தீனி போடாத பண்ணை என்பதில் ஒரு கடமையும் இருக்கிறது. இறால் குளத்துக்குக் கரை உண்டு. சிப்பிப் பண்ணைக்குக் கரை கிடையாது. கழிவு விழும் ஓடை, கரையிலுள்ள ஒவ்வொரு வீட்டின் கழிப்பறை, மேலே பெய்யும் மழை எல்லாம் அந்தப் பண்ணைக்குள் அடக்கம். இந்தக் கரையில் ஒரு மீனவப் பெண் நாளை சிப்பிக்கயிறு கட்டிப் பிழைக்க வேண்டுமென்றால், அவளுக்குக் கொடுக்க வேண்டிய மானியத்தில் முதலாவது ஒழுங்கான பாதாளச் சாக்கடை. கழுவும் தொட்டியும் ஆய்வகமும் அதற்குப் பிறகு. சிப்பியைக் கழுவிச் சுத்தமாக்கிவிட்டுக் கடலை அப்படியே விட்டால் வருகிறவற்றால் திண்ணை ஒவ்வொரு நாளும் நிறையும். ஒரு நாள் வீட்டுக்குள் இருப்பவர்களுக்கும் சுவாசம் முட்டும்.

மண்டபம் முகாமில் நம் முன்னோர்களை அடைத்துவைத்தவர்கள் நோயை ஓர் ஆளாகப் பார்த்தார்கள். வேலிக்குள் வை, வெளியே விடாதே. சிப்பி பெரும்பாலான நேரம் கடலுக்குத் திறந்திருக்கிறது. அது யாரையும் வேலிக்கு வெளியே நிறுத்துவதில்லை. வருகிறவர்களை வரவிட்டு, தங்க வேண்டியவர்களைத் தங்கவைத்து, அளவு மீறாமல் பார்த்துக்கொண்டு, அந்தக் கூட்டத்தோடு சேர்ந்தே தன் உடம்பை நலமாக வைத்திருக்கிறது. அந்த வேலை அதற்குச் சாத்தியமாகும் அளவுக்கு மட்டும் கடலை விட்டுவைக்கச் சொல்லித்தான் இவ்வளவும் எழுதினேன்.

அன்று மாலை அந்த அக்கா கொத்தை வாளியிலிருந்து தூக்கி முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி, எடுத்த பாறையிடுக்கிலேயே வைத்துவிட்டு வந்தார். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "தையில வாங்க தம்பி" என்றார். "தண்ணி கண்ணாடியா இருக்கும். அப்ப ஆக்கித் தாரேன்."

வாளித் தண்ணீரை அவர் மண்ணில் ஊற்றினார். அது உண்மையிலேயே கண்ணாடியாகத்தான் இருந்தது. அடியில் படிந்திருந்த சாம்பல் நூல்கள் மட்டும் ஈர மணலின் மேல் கொஞ்ச நேரம் கிடந்தன. ஓதம் ஏறி வந்து அவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிற்று.